கழித்துப் போட்ட நாற்று

எங்கள் சாமிக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அவர் எங்களை அக்கா, அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரைச் சாமி என்போம். வெளியூர்க்காரர்கள் யாராவது வந்து பார்த்தால் இதில் யார் குரு, யார் சீடர் என்று தலையைச் சொறிவார்கள்.

பெயர் அணைஞ்சபெருமாள். மலையடிவாரத்தில் எட்டு ஏக்கர் எலுமிச்சைத் தோட்டம். ஆசிரமம் என்று பலகை கிடையாது. பாடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வந்தவருக்கு ஒரு வேலை கொடுப்பார். அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். கேள்வி வந்தால் கேட்கலாம். வராவிட்டாலும் அவர் கோபித்துக்கொள்வதில்லை.

எனக்குக் கொடுத்த வேலை மோட்டார் போடுவது, வாய்க்கால் திருப்புவது, குப்பைக் கூடையை உரக்குழியில் கொட்டுவது. ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இன்றுவரை ஒரு கேள்வியும் வரவில்லை. என் மண்டை அப்படி.

முப்பிடாதி அக்காவுக்குக் கொடுத்த வேலை நாற்று கழிப்பது.

எலுமிச்சை விதையை மணல் பாத்தியில் போட்டால் மூன்று வாரத்தில் முளைக்கும். நாலைந்து இலை விட்டதும் பிடுங்கிப் பைகளில் மாற்றி நட வேண்டும். அப்போது நெட்டையாக வளர்ந்து ஒன்றுபோல இருக்கிற நாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, குட்டையானது, இலை கோணியது, நிறம் வெளுத்தது எல்லாவற்றையும் கழித்துவிட வேண்டும். அக்காவுக்கு ஒரு பார்வை போதும். ஏழு வருஷத்தில் அவள் பையில் வைத்த நாற்று ஒன்றுகூட யாரையும் ஏமாற்றியதில்லை. நாற்று வாங்க வருகிற விவசாயிகள், "அந்த நர்ஸம்மா எடுத்து வச்சதாப் பாத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள்.

ஆமாம், அக்கா நர்ஸாக இருந்தவள். இருபத்தாறு வருஷம் டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. அவளுடைய அம்மாவும் அதே வார்டில் ஆயாவாக இருந்தவள். புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், செண்பகம். மகளும் நர்ஸாகி அதே வார்டில் நிற்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. வெள்ளைச் சீருடையைத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்து மகளைப் படிக்க அனுப்பினாள்.

மகள் இரண்டாம் வருஷம் பாதியில் அந்தச் சீருடையை மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்து, "எனக்கு ரத்தம் ஆகாதும்மா. நான் வண்டி ஓட்டப் போறேன்" என்றாள். லாரி. ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுகிற லாரி.

"இனிமே என் முகத்துல முழிக்காதே" என்றாள் அக்கா. மறு மாதமே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வந்தவள்தான். மகள் இரண்டு தடவை தேடி வந்தாள். இரண்டு தடவையும் வாசலோடு திரும்பிப் போனாள்.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. நிஜ யானை இல்லை, சின்ன லாரியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். புத்தம் புதுசு. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே ஒரு மல்லிகைச் சரம். செண்பகம் இறங்கினாள். நல்ல வாட்டசாட்டமான பெண். அக்காவோ ஒல்லிக்குச்சி, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இவள் குரல் கிணற்றடிவரை கேட்டது.

"மாமா, எங்கம்மா இருக்காளா?"

"இருக்கா."

"சொந்தமா வண்டி வாங்கிட்டேன்னு சொல்லுங்க. ஷோரூம்ல சக்கரத்துக்குப் பழம் வைக்க வந்தாங்க. வேண்டாம்னுட்டேன். எங்கம்மா கையால வைக்கணும். பழமும் இந்தத் தோட்டத்துப் பழமா இருக்கணும். இருபது கிலோமீட்டர் பழம் வைக்காமலே ஓட்டிட்டு வந்திருக்கேன் மாமா, உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். புது வண்டிக்கு நாலு சக்கரத்திலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் யாராவது ரோட்டில் இறக்குவார்களா?

"பத்தரைக்கு ராகு காலம்" என்றாள். "அதுவரைக்கும் நிக்கேன். அம்மா வரலைன்னா வேற யாரும் வைக்க வேண்டாம், நீங்களும் வைக்க வேண்டாம். பழம் இல்லாமலே ஓட்டிக்கிடுதேன். இனிமே இந்த வாசலுக்கும் வரமாட்டேன். இது மூணாவது தடவை மாமா, எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

நான் நாற்றங்காலுக்கு ஓடினேன். அக்கா பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாற்று கழித்துக்கொண்டிருந்தாள். சாமி பக்கத்துப் பாத்திக்குப் பூவாளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் அக்கா கேட்டாள். அவள் கை நிற்கவே இல்லை.

"நான் இல்லைன்னு சொல்லிருங்க தம்பி."

"இருக்கன்னு சொல்லிட்டேனே அக்கா."

"அப்போ செத்துட்டான்னு சொல்லுங்க."

சாமி பூவாளியைக் கீழே வைத்தார். அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் அவள் குரல் உயர்ந்தது.

"நீங்க ஏன் சாமி பேசாம நிக்கீங்க? போன்னு சொல்லுங்க, இல்லை போகாதேன்னு சொல்லுங்க."

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே அக்கா."

"கேக்கேன். இப்பக் கேக்கேன். பத்து மாசம் சுமந்து பெத்தேன். ராத்திரி டூட்டி பாத்து வளத்தேன். நடை, பேச்சு, படிப்பு, புத்தி, எதுலயாச்சும் என் சாயல் ஒரு துளி இருக்கா அவகிட்ட? என் பிள்ளையா இருந்தா என்னை மாதிரி இருக்கணுமா வேண்டாமா?"

எனக்கு ஒன்பது வருஷமாக வராத கேள்வி. அவளுக்கு வந்துவிட்டது. இத்தனை வலியோடு வருகிற கேள்வி எனக்கு வராமலே போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

சாமி பாத்தியில் குனிந்து பார்த்தார். ஓர் இடத்தில் மூன்று நாற்று ஒட்டி ஒட்டி நின்றன. இரண்டு நல்ல உயரம். மூன்றாவது அதில் பாதிகூட இல்லை. இலையும் வேறு மாதிரி, கொஞ்சம் சுருண்டு இருந்தது.

"இதை என்ன செய்வீங்க?"

"இது என்ன புதுசா? நெட்டையா இருக்கிற ரெண்டையும் பையில வைப்பேன். குட்டையைக் கூடையில போடுவேன்."

"ஒரே இடத்துல மூணு எப்படி வந்துச்சு?"

"மூணு விதை சேர்ந்து விழுந்திருக்கும்."

சாமி மூன்றையும் வேரோடு மண்ணோடு தோண்டி எடுத்தார். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினார். அவசரமே இல்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபத்தைந்து. மண் கரைந்து வேர்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மூன்று தண்டும் கீழே ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரே ஒரு விதைத் தோல் பிளந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா அதைக் கையில் வாங்கினாள். பிரசவம் பார்த்த கை. தோலை நகத்தால் நீக்கிப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஒரு விதைக்குள்ள மூணா சாமி?"

"ஆமா."

"ஒரு வயித்துல மூணு பிள்ளை."

"மூணும் பிள்ளை இல்லக்கா. பிள்ளை ஒண்ணுதான்."

"அப்போ மத்த ரெண்டு?"

"அது அம்மா."

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. சாமி அந்த இரண்டு உயரமான நாற்றையும் தொட்டுக் காட்டினார்.

"எலுமிச்சைக்கு அப்படி ஒரு குணம். பூவுக்குத் தேனீ வந்து தூள் சேர்ந்து உண்டாகிறது விதையில ஒண்ணுதான். மத்ததெல்லாம் தாயோட தசையே விதைக்குள்ள புகுந்து முளைக்கிறது. அதுக்கு அப்பன் கிடையாது. கிளையை ஒடிச்சு வச்சு வந்த மாதிரி, அதே மரம். அதே இலை, அதே முள்ளு, அதே காய். பெரும்பாலும் அதுதான் வேகமா வளரும். பிள்ளை பின்தங்கி நிக்கும்."

பேசிக்கொண்டே நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தார்.

"இங்க தொள்ளாயிரம் மரம் இருக்குன்னு நீங்க எல்லாரும் சொல்லுதீங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு மரம்தான் இருக்கு. தொள்ளாயிரம் இடத்துல நிக்குது. எங்க பாட்டனார் இதைக் கொண்டுவந்த தோட்டத்துலயும் இதே மரம்தான். அதுக்கு முந்தி எந்த ஊர்ல நின்னுச்சோ, எத்தனை நூறு வருஷமோ. பட்டுப்போகும், வெட்டுவோம். ஆனா அது சாகல அக்கா. இன்னும் சாகவே இல்ல."

நானும் பார்த்தேன். தினமும் பார்க்கிற தோட்டம்தான். வரிசை வரிசையாக, ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே வாசனை. ஒன்பது வருஷமாக நான் தண்ணீர் விட்டதெல்லாம் ஒரே ஒரு மரத்துக்கா? என் பாட்டன் பூட்டன் பிறக்கும் முன்னால் எங்கேயோ முளைத்த ஒரு மரத்துக்கா? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்த மரங்கள் எல்லாம் சேர்ந்து என்னைப் பார்ப்பது போல இருந்தது. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

அக்கா தன் கூடையைப் பார்த்தாள். காலையிலிருந்து கழித்த ஒரு பிடி நாற்று அதில் வாடிக் கிடந்தது.

"அப்போ சாமி, நான் பையில வச்சதெல்லாம்?"

"அம்மா."

"கூடையில போட்டது?"

சாமி ஒரு குடத்தில் தண்ணீர் மொண்டு தோளில் ஏற்றிக்கொண்டார். "வாங்க அக்கா" என்று நடந்தார். என்னையும் தலையசைத்துக் கூப்பிட்டார்.

தோட்டத்தின் மேற்கு எல்லையில் ஓர் ஓடை உண்டு. அதற்கு அக்கரையில் புதராகக் கிடக்கும். சாமி தினம் காலையில் இரண்டு குடத்தோடு தனியாக ஓடையைத் தாண்டிப் போவார். தியானம் செய்யப் போகிறார் என்று நாங்களாகவே பேசிக்கொண்டோம். அந்த நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானே நாலு பேருக்குச் சட்டம் பேசியிருக்கிறேன். குடம் எதற்கு என்று யோசிக்கவில்லை பாருங்கள்.

கல்லுக்குக் கல் தாண்டி அக்கரை ஏறினோம். வேலிப்புதரை விலக்கிக்கொண்டு உள்ளே போனதும் அக்கா நின்றுவிட்டாள்.

அறுபது மரம் இருக்கும். எல்லாம் எலுமிச்சை. ஆனால் ஒன்றுபோல ஒன்று இல்லை. ஒரு மரம் என் இடுப்பு உயரம்தான், தரையோடு படர்ந்திருந்தது. அடுத்தது நெடுநெடுவென்று வளர்ந்து உச்சியில் மட்டும் நாலு காய் வைத்திருந்தது. ஒன்றின் இலை வெற்றிலை அகலம். இன்னொன்றில் நெல்லிக்காய் அளவுக்குப் பழம், கிளை தெரியாமல் காய்த்துக் கிடந்தது, வாசனை பத்தடி தூரத்திலேயே மூக்கைத் துளைத்தது. ஒன்றில் பழம் செக்கச் சிவந்த ஆரஞ்சு நிறம். அக்கா ஒன்றைப் பறித்துக் கடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"புளிப்பா?"

"புளிப்புதான். ஆனா நம்ம புளிப்பு இல்ல. இது வேற. எனக்குச் சொல்லத் தெரியல சாமி."

இன்னொரு மரத்தை அவள் தொடத் தயங்கித் தொட்டாள். ஏழு வருஷத்தில் எலுமிச்சை முள் அவள் கையைக் கோடு கோடாகக் கிழித்திருந்தது. இதில் முள்ளே இல்லை. கிளை நெடுகக் கையை ஓடவிட்டாள். மறுபடி ஓடவிட்டாள். குழந்தை பிறந்ததும் விரல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களே, அப்படித் தடவினாள்.

ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குச்சி நட்டு, தகரத் துண்டில் மாசமும் வருஷமும் எழுதியிருந்தது. முள்ளில்லாத மரத்தடியில் குனிந்து படித்தாள். அது அவள் இங்கே வந்த வருஷம். ஆடி மாசம்.

"இது நான் முதல் முதலா கழிச்ச பாத்தி."

"ஆமாக்கா."

"கூடையை உரக்குழியில கொட்டச் சொல்லி தம்பிகிட்டக் கொடுப்பேனே."

"அண்ணன் கொட்டுவார். நான் பொறுக்கிட்டு வருவேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னத்தைக் கொட்டினேன் என்று ஒருநாளாவது பார்த்திருந்தால்தானே.

"ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல? ஏழு வருஷம். தப்பான வேலையைச் செய்யுதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"தப்பு இல்லக்கா. நாத்து வாங்குறவருக்கு அம்மா மரம்தான் வேணும். என்ன காய்க்கும், எப்பக் காய்க்கும்னு தெரிஞ்ச மரம் வேணும். அவருக்கு நீங்க கழிச்சுக் கொடுத்தது சரி."

"அப்போ இதெல்லாம் எதுக்கு?"

சாமி பக்கத்தில் நின்ற ஒரு மரத்தின்மேல் கை வைத்தார். வயது ஆறோ ஏழோ இருக்கும். நல்ல பச்சையாக இருந்தது. பூவும் இல்லை, காயும் இல்லை.

"இது காய்க்குமான்னு எனக்குத் தெரியாது. காய்ச்சா அது என்ன பழம்னு தெரியாது. இந்த உலகத்துல இதுக்கு முந்தி இப்படி ஒரு மரம் இருந்ததே இல்ல. முதல் தடவையா வந்து நிக்குது. அதைப் பார்க்கத்தான் நான் தினம் வாரேன். கும்பிடணும்போல இருக்கும் சில நாள்."

சொன்னவர் அந்தக் காய்க்காத மரத்தின் அடியில் காய்ந்த இலையை ஒதுக்கிவிட்டார். காற்று வீசியது. அறுபது மரத்தின் வாசனையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக வந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு வாசனையை நான் முகர்ந்ததில்லை. 

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்னும் அந்த மூன்று நாற்றும் இருந்தன. சின்னதைத் தனியாகப் பிரித்து எடுத்தாள். வேர் அறுந்துவிடாமல், நூல் நூலாக. அதற்கு ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும். பிறகு விரலாலேயே மண்ணைக் குழித்து அங்கேயே நட்டாள். சாமி குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார், மிச்சத்தைக் காய்க்காத மரத்துக்கு விட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அக்கா, பத்தே காலாச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சுற்றிலும் நின்ற மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், நெட்டை, குட்டை, முள்ளில்லாதது, காய்க்காதது என்று.

"சாமி, இந்தக் கையால நான் எத்தனை பிள்ளையைப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன்?"

சாமி காலிக் குடத்தை மண்ணில் சாய்த்து வைத்தார்.

"எண்ணல அக்கா. பட்டுப்போனது போக மிச்சம் எல்லாம் இங்கதான் நிக்குது. ஒண்ணே ஒண்ணுதான் வாசல்ல நிக்குது."